இருபத்திமூன்று கட்டங்கள்

ஈ.சி.ஜி. எல்லாம் நமக்குப் புரியாது என்று படித்தவர்களே சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும். புரியாமல் போக அதில் என்ன இருக்கிறது? கட்டம் போட்ட காகிதம். சின்னக் கட்டம் ஒரு மில்லிமீட்டர். ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்தால் ஒரு பெரிய கட்டம். அதைச் சுற்றியுள்ள கோடு கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். காகிதம் ஓடுகிற வேகத்தில் ஐந்து பெரிய கட்டம் தாண்டினால் ஒரு நொடி. அவ்வளவுதான். ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தவர்களுக்கு இது போதும்.

கோட்டில் மூன்று விஷயங்கள் வரும். முதலில் ஒரு சின்ன மேடு. இதயத்தின் மேல் அறைகள் கீழ் அறைகளைக் கூப்பிடுகிற இடம் அது. அடுத்தது ஊசி மாதிரி உயரமாக ஒரு கூர். கீழ் அறைகள் அந்தக் கூப்பாட்டைக் கேட்டு வேலை செய்கின்றன என்று அர்த்தம். உடம்புக்கும் மூளைக்கும் ரத்தம் போவது அப்போதுதான். பிறகு சாவகாசமாக ஒரு அகலமான மேடு. மறுபடியும் சின்ன மேடு, கூர், பெரிய மேடு. ஒவ்வொரு சின்ன மேட்டுக்குப் பின்னாலும் ஒரு கூர் வந்தாக வேண்டும். ஒரு கூருக்கும் அடுத்த கூருக்கும் நடுவில் நாலு பெரிய கட்டம் இருந்தால், முந்நூறை நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்; நிமிடத்துக்கு எழுபத்தைந்து துடிப்பு. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. அதை வைத்து இருபத்திரண்டு வருஷம் பிழைப்பு நடத்தினேன்.

எங்கள் ஆஸ்பத்திரி மெஷின் பழசு. புது மெஷின்கள் இதயத்தைப் பார்க்கிற பன்னிரண்டு கோணங்களையும் ஒரே தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். எங்களுடையது ஒவ்வொரு கோணமாக, ரிப்பன் மாதிரி நீளமாகத் துப்பிக்கொண்டே இருக்கும். அதை வெட்டி அட்டையில் ஒட்டுவது என் வேலை. அட்டையில் ஒரு கோணத்துக்கு மூன்று நாலு துடிப்புக்குத்தான் இடம். எங்கே கோடு நடுங்காமல் அழகாக வந்திருக்கிறதோ அந்த இடத்தை வெட்டி ஒட்டுவேன். மிச்சம் தட்டில் விழும். டாக்டருக்குப் போவது அட்டை மட்டும்தான்.

நான் வெட்டினால் அழுத்தமான கோட்டின் மேலேயே வெட்டுவேன். ஒரு மயிரிழை பிசகாது. மற்ற ஷிஃப்டில் வேலை செய்கிறவர்களின் அட்டைகள் எலி கடித்தது போல இருக்கும். என்னுடைய அட்டையைப் பார்த்தாலே டாக்டர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். எனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் கோபப்படுவது போல நடித்தேன். உள்ளூரக் குளிர்ந்துபோய்த்தான் இருந்தேன்.

என் அக்கா தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை, ஆபீஸ் போகிறவர்களின் பேன்ட், சட்டை எல்லாம் தைப்பாள். என்னைவிட ஆறு வயது பெரியவள். என்னைக் கிண்டல் செய்வதை ஒரு கடமையாகவே வைத்திருந்தாள். என் தட்டில் விழும் மிச்சக் காகிதங்களை வாரம் ஒரு முறை பையில் அள்ளிக்கொண்டு போவாள். பின்பக்கம் வெள்ளையாக, வழவழவென்று இருக்கும். அதில் அளவு எழுதி, அந்தந்தத் துணியோடு குண்டூசியால் குத்தி வைப்பாள். ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு மற்ற பாதிப் பேரின் இதயத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பாள். "நீயும் வெட்டுறே, நானும் வெட்டுறேன். நான் தப்பா வெட்டினா பிரிச்சுத் தைச்சுக்கலாம். நீ என்னடி பண்ணுவே?" என்று ஒருநாள் கேட்டாள். நான் தப்பாக வெட்டினால்தானே என்று சொன்னேன்.

போன வருஷக் கடைசியில் அக்காவுக்கு மயக்கம் வர ஆரம்பித்தது. முதல் தடவை சமையலறையில். இரண்டாவது, தையல் மெஷினிலேயே தலை சாய்ந்துவிட்டாள். தையல் கோணலாக ஓடித் துணியின் ஓரத்தையே தாண்டிப் போயிருந்தது. மூன்றாவது, துணி காயப்போடும்போது. ஒவ்வொன்றும் நாலைந்து நொடிதான். உடனே எழுந்து, என்ன எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்பாள். அத்தான் பயந்துபோனார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பது குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் எப்படி ஓட்டுவாரோ அப்படித்தான் எதையும் செய்வார், நிதானமாக, நாலு பக்கமும் பார்த்து. காலைச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிட்டால் மயக்கம் வராமல் என்ன வரும் என்று நான்தான் அக்காவிடம் கத்தினேன். ஆனாலும் அவர் விடாமல் சொன்னதால் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னேன்.

அன்று வெளியே பதினெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். அக்காவைப் படுக்க வைத்து, கைகால்களில் கிளிப் மாட்டி, நெஞ்சில் ஜெல்லி தடவினேன். ஜெல்லி ஜில்லென்று இருக்கிறது, இதை அடுப்பில் காட்டிவிட்டுத் தடவக் கூடாதா என்று அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பேசாமல் கிட என்று அதட்டினேன். இரண்டாவது கோணம் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து துடிப்பு ஒழுங்காக வந்தது. பிறகு கோடு தரையில் படுத்துவிட்டது.

எங்கள் கிளிப்புகளின் ஸ்பிரிங் தளர்ந்துபோய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை யாராவது கையை அசைப்பார்கள், கிளிப் நழுவும், கோடு போய்விடும். மறுபடி மாட்டுவோம், கோடு வரும். கெட்டுப்போன பகுதியை வெட்டி எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். என் கை கிளிப்பை நோக்கிப் போனது. நான் தொடுவதற்குள் கோடு தானாகவே எழுந்துவிட்டது. அக்கா கண்ணைத் திறந்து, கையைத் தூக்கி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, முடிந்ததா என்று கேட்டாள். கையை அசைக்காதே என்று எத்தனை தடவை சொல்வது, ஒரு இடத்தில் சும்மா கிடக்கத் தெரியாதா என்று எரிந்து விழுந்தேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைக் கீழே வைத்தாள்.

கோடு முதலில் போனதா, கை முதலில் அசைந்ததா? அன்று எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை. கை அசைந்தது, கோடு போனது என்றுதான் பார்த்தேன். வந்ததைப் பார்க்காமல் வழக்கத்தைப் பார்த்தேன்.

நல்ல துடிப்பு மூன்றை வெட்டி ஒட்டினேன். அழகான அட்டை. அக்கா தட்டில் கிடந்ததையெல்லாம் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள். இதய டாக்டரிடம் நானே அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பார்த்தார். மயக்கம் என்கிறார்களே, எதற்கும் ஒரு நாள் முழுக்க உடம்போடு மாட்டி வைக்கிற மெஷினையும் போட்டுப் பார்த்துவிடலாமா என்று கேட்டார். அந்த மெஷின் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். நானே ஓட்டிப் பார்த்தேன் டாக்டர், சுத்தமாக இருக்கிறது, அவள் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று சொன்னேன். என் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு. அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். நரம்பு டாக்டர் இது வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதினார். அக்கா நாலு மாதம் அந்த மாத்திரையைத் தின்று தூங்கி வழிந்தாள்.

நாலாவது மாதம், ஒரு காலை நேரத்தில், அத்தானின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து நூல் வாங்கப் போனாள். கடைத்தெரு முனையில் வண்டி திரும்பும்போது விழுந்தாள். தலை நடைபாதை விளிம்பில் பட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உயிர் இல்லை. என் ஆஸ்பத்திரிதான். அந்த நேரக் கோட்டையும் என்னையே எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதில் எண்ண ஒன்றும் இருக்கவில்லை.

முனையில் ஒரு செருப்புக் கடைக்காரர் இருந்தார். வண்டி வேகமாகத் திரும்பியது, அந்த அம்மா தூக்கி எறியப்பட்டது என்று போலீசிடம் சொன்னார். அத்தான் மேல் வழக்குப் பதிவானது. லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். முதல் வாரம் அவர், நான் மெதுவாகத்தான் திரும்பினேன், திரும்புவதற்கு முன்னாலேயே தோளில் இருந்த அவள் கை நழுவியது, ஏதோ பையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், வேகமாகத்தான் திரும்பிவிட்டேனோ என்னவோ என்று சொன்னார். மூன்றாவது வாரம் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்களுக்கு ஒரே பெண். பதினேழு வயது. இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அப்பாதான் அம்மாவைக் கொன்றுவிட்டார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, பாடப் புத்தகங்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் போய்விட்டது. வீட்டில் இன்னொரு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். அக்கா செத்த மூன்றாவது வாரத்தில் சந்தோஷப்பட்டேன். மறைப்பானேன், சொல்லிவிடுகிறேன்.

தைக்கக் கொடுத்தவர்கள் துணியைக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஒரு விடுமுறை நாளில் அக்காவின் தையல் அறையை ஒழுங்குபடுத்தப் போனேன். தைத்து முடித்தும் யாரும் வாங்க வராத துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் காகிதம் குத்தியிருந்தது. ஒரு சாம்பல் நிற பேன்ட்டை உதறினேன். இடுப்பு முப்பத்தாறு, நீளம் நாற்பது, பை இரண்டு என்று அக்காவின் உருண்டைக் கையெழுத்து. பழக்கதோஷத்தில் காகிதத்தைத் திருப்பினேன்.

முக்கால் சாண் நீளத் துண்டு. ஒரு துடிப்பு. பிறகு நீளமாகப் படுத்த கோடு. கடைசியில் ஒரு துடிப்பு. படுத்த கோட்டின் மேல், நாலு கட்டத்துக்கு ஒன்றாக, ஐந்து சின்ன மேடுகள். ஒன்றுக்குப் பின்னாலும் கூர் இல்லை. மேல் அறைகள் ஐந்து தடவை கூப்பிட்டிருக்கின்றன, கீழே யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ பாவம், உடனே பேஸ்மேக்கர் வைக்க வேண்டிய கேஸ் ஆயிற்றே, இதை எப்படித் தட்டில் போட்டார்கள், எந்த முட்டாள் வெட்டியது என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், எந்த முட்டாள் என்று.

பிறகுதான் ஓரத்தைப் பார்த்தேன். அழுத்தமான கோட்டின் மேலேயே, பிசகாமல் வெட்டப்பட்டிருந்தது.

வெட்டுவதற்கு முன்பே கோணத்தின் எண்ணைப் பேனாவால் எழுதி அடிக்கோடு போடுவது என் வழக்கம். அந்த அடிக்கோட்டின் வால் இந்தத் துண்டின் இடது ஓரத்தில் இருந்தது, அரை விரல் நீளத்துக்கு. அக்காவின் மருத்துவ ஃபைல் அலமாரியில் இருந்தது. அட்டையை எடுத்து, இரண்டாவது கோணத்துக்குப் பக்கத்தில் துண்டை வைத்தேன். அடிக்கோடு சேர்ந்துகொண்டது. கட்டங்கள் சேர்ந்துகொண்டன. தரையில் உட்கார்ந்து எண்ணினேன். கூரிலிருந்து கூருக்கு இருபத்திமூன்று பெரிய கட்டம். நாலரை நொடிக்கும் மேலே. கிளிப் நழுவியிருந்தால் கோடு மேலும் கீழும் குதிக்கும், தடித்து நடுங்கும். இதயத்தின் குரல் எதுவும் அதில் வராது. அந்த ஐந்து சின்ன மேடுகள் வந்திருக்கவே முடியாது. கிளிப் கையில்தான் இருந்தது. நின்றது அக்காவின் இதயம்.

பேஸ்மேக்கர் என்பது தோளுக்குக் கீழே வைக்கிற, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஒரு மணி நேர வேலை. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வாரம் இரண்டு வைக்கிறார்கள்.

இதை உடனே எடுத்துக்கொண்டு அத்தானிடம் ஓடினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஓடவில்லை. அட்டையோடு சேர்த்து என் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இந்தக் காகிதத்தில் மை கிடையாது, சூடான ஊசிதான் எழுதும். வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதனால்தான் அட்டைகளை இருட்டான அலமாரியில் வைப்போம். என் அறை ஜன்னலில் காலையிலிருந்து மத்தியானம்வரை நல்ல வெயில். துண்டை ஜன்னல் கட்டையில், கோடு மேலே தெரியும்படி விரித்து, ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளைப் பூட்டுகளை வைத்தேன். நான் கிழிக்கவில்லை, எரிக்கவில்லை. வெயிலில் வைத்தேன், அவ்வளவுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தினமும் வேலைக்குப் போய் யார் யாருக்கோ கிளிப் மாட்டிவிட்டு வந்து, எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்ப்பேன். ஆறு நாளில் மேடுகள் மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தன. கூர்கள் பழுப்பாகிவிட்டன. பாப்பா ஒருநாள், அது என்ன சித்தி அங்கே என்று கேட்டாள். குப்பை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் வருவார். பாப்பா உள்ளறையிலிருந்து வெளியே வரமாட்டாள். அவர் கூடத்து நாற்காலியின் நுனியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அந்த ஞாயிறு அவளுடைய பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்திருந்தார். அதன் ஜிப் பிய்ந்துபோயிருந்தது. அக்காவின் மெஷினில் உட்கார்ந்து தானே தைத்திருக்கிறார். தையல் கோணல்மாணலாக, இரண்டு இடத்தில் நூல் சுருண்டு முடிச்சாக இருந்தது. அக்கா பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பாள். பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். வக்கீல் வேண்டாம் என்கிறாராம். இவர் கேட்கவில்லை.

"லைசென்ஸ் திரும்பக் கிடைக்காதாம். பரவாயில்ல. இனிமே வண்டியத் தொடுற எண்ணம் இல்ல. வேகமாத்தான் போயிருக்கேன். எனக்கே இப்ப அப்படித்தான் ஞாபகம் வருது."

அவருக்கு அப்படி ஞாபகம் வருகிறது. எனக்குக் கை அசைந்த பிறகு கோடு போனதாக ஞாபகம் வந்தது மாதிரி. அத்தனை பேரும் சொன்னால் மனுஷனுக்குத் தன் கையே சாட்சி சொல்லாது. நான் எழுந்துபோய் ஜன்னலிலிருந்து துண்டை எடுத்துவந்தேன். தைரியம் வந்து எடுக்கவில்லை. அந்தக் கோணல் தையலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

அக்காவின் அட்டையையும் துண்டையும் மேஜையில் வைத்து, அவரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். இதெல்லாம் எனக்குப் புரியாதே என்றார். புரியும், எண்ணுங்கள் என்றேன். ஐந்து பெரிய கட்டம் ஒரு நொடி. வேன் ஓட்டுகிறவருக்கு நொடி தெரியும். சின்ன மேடு கூப்பிடும், கூர் பதில் சொல்லும். முதலில் அட்டையைக் காட்டினேன். கூப்பாடு, பதில். கூப்பாடு, பதில். அவர் விரலால் தொட்டுத் தொட்டுத் தலையாட்டினார். பிறகு துண்டை அட்டையோடு சேர்த்து வைத்தேன். அடிக்கோட்டின் வால் சேர்ந்தது. அவர் எண்ண ஆரம்பித்தார், வாய்க்குள்ளேயே. பத்துக்கு மேல் மெதுவாகிவிட்டார். பதினைந்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எண்ணுங்கள் என்றேன்.

"இருபத்திமூணு. நடுவுல அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கு. பதிலே இல்லையே."

"இல்ல அத்தான்."

"இது எப்ப எடுத்தது?"

அவள் விழுவதற்கு நாலு மாதத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரியில் என்று சொன்னேன். அவளுக்கு வந்தது வலிப்பு இல்லை, ஒவ்வொரு மயக்கமும் இதுதான், இதயம் சில நொடி நின்று நின்று ஓடியிருக்கிறது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் அந்தப் படுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டப்போகிறார், இப்போது புரிந்திருக்கும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப, நான் வேகமா திருப்பலையா?"

"இல்ல. கை நழுவினப்பவே அவளுக்கு நினைவு போயிருக்கும். நீங்க மெதுவாத்தான் திரும்பியிருக்கீங்க."

அவர் அழுதார். சத்தம் வெளியே வராமல், உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அழுதார். ஒரு மாதத்துக்கு மேலாக அந்த மனிதர் தன்னைத்தானே ஒரு முனையில் திருப்பித் திருப்பி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அதில் ஒரு வாரம் என் ஜன்னல் வெயிலில் நான் சேர்த்துக் கொடுத்தது.

கொஞ்சம் கழித்து அவர் அட்டையைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பிறகு மேஜை மேலிருந்த என் கையைப் பார்த்தார். அவர் மெதுவான மனிதர், மந்தமானவர் இல்லை. நான் வாயைத் திறந்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"பாப்பாகிட்ட சொல்லாத. அவளுக்கு இப்ப நீ ஒருத்திதான் இருக்க. என்னை அவ வெறுத்தாச்சு. அது பழகிடுச்சு. உன்னையும் வெறுத்துட்டா அவ எங்க போய் உட்காருவா?"

துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை போய் ஒத்துக்கொண்டு வந்துவிடுகிறேன், இதை அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்றார்.

சரி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. இன்னொரு ஜோடி செருப்பு வாசலில் கிடக்கும். சாயங்காலம் ஒரு குரல் சித்தி என்று கூப்பிடும். ஆஸ்பத்திரியில் கத்தரிக்கோல் என்று கூப்பிடுவார்கள். கொடுப்பவர் மனசார, கேட்காமல் கொடுக்கிறார். வாங்கிக்கொண்டால் போதும். அந்தப் பக்கத்தையும் வெட்டித் தட்டில் போட்டுவிட்டு, அழகான மூன்று துடிப்பை மட்டும் அவளுக்கு ஒட்டிக் கொடுக்கலாம். எனக்குப் பயமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

கையை நீட்டினேன். கொடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் அவருடைய சட்டைப் பையிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

பாப்பாவைக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடி கூப்பிட்டேன். கதவைப் பாதி திறந்து, அப்பாவைப் பார்க்காமல், என்ன என்று கேட்டாள். கணக்கு நோட்டை மூடிவிட்டு வந்து இதை எண்ணு என்றேன். குரலில் என்ன இருந்ததோ, வந்தாள். அப்பாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டாள். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஐந்து கட்டம் ஒரு நொடி என்றேன். தெரியும், பாடத்தில் படம் இருக்கிறது என்றாள். சின்ன மேடு எது, கூர் எது என்று அவளே காட்டினாள். துண்டின் மேல் விரலை வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் அலட்சியத்தோடு, வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எட்டு, ஒன்பது வரை அலட்சியம் இருந்தது. இவ்வளவு நீளமா நிற்குமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். இருபத்திமூன்றில் விரல் நின்றது. நோயாளி யார் என்று கேட்டாள். அம்மா என்றேன். எடுத்த தேதியைச் சொன்னேன். கிளிப் நழுவினால் கோடு எப்படி இருக்கும் என்பதையும், இது அப்படி இல்லை என்பதையும் சொன்னேன். வண்டி மெதுவாகத்தான் திரும்பியது என்பதையும் சொன்னேன்.

அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. மேஜையில் கிடந்த பையின் கோணல் தையலை ஒரு விரலால் தடவினாள். பிறகு மறுபடி துண்டை எடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள். அம்மாவின் கையெழுத்தைப் படித்தாள். அட்டையில் அதைப் பொருத்திப் பார்த்தாள். எடுத்தாள். மறுபடி பொருத்தினாள். தையல்காரியின் பெண், வெட்டு தெரியும்.

"சித்தி, இது அட்டையில இருந்திருந்தா டாக்டர் பார்த்திருப்பாருல்ல?"

"பார்த்திருப்பார்."

"அம்மா இருந்திருப்பாங்களா?"

"இருந்திருப்பா."

அவள் துண்டின் ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். வெளுத்துப்போன கட்டங்களில் அந்த ஓரம் மட்டும் இன்னும் சுத்தமாக இருந்தது.

"ரெண்டு பக்கமும் கோட்டு மேலயே வெட்டியிருக்கு. இவ்வளவு நேரா யாரு வெட்டினது?"

நான்தான் என்றேன்.